பெட்டியில் பத்திரம் இருக்கிறது, கடிதம்?

செஞ்சிக் கோட்டையை ஆண்டவர்களின் கதையைத் தமிழில் விரிவாக எழுதிவைத்தவர் அதே ஊர்க்காரரான நாராயணன். 1800-களின் தொடக்கத்தில் மெக்லியாட் என்ற ஆங்கில அதிகாரி கேட்டார், நாராயணன் எழுதினார். 1943-இல் செஞ்சி வரலாறு எழுதிய சி.எஸ்.சீனிவாசாச்சாரிக்கு அந்த நூல் பெரிய ஆதாரமானது. 2025 ஜூலையில் கோட்டை யுனெஸ்கோவின் உலக மரபுப் பட்டியலிலும் ஏறிவிட்டது. அடிவாரத்து வீடுகளின் கதையை எழுதச் சொல்லிக் கேட்கத்தான் ஆளில்லை.

ஒரு காலத்தில் அந்த வேலையை இன்லேண்ட் லெட்டர் செய்தது. 1950-இல் வந்த அந்த நீலத்தாளில், சென்னையில் படிக்கும் மகனுக்கு அப்பா எழுதுவார். மேலே பிள்ளையார் சுழி, ‘சிரஞ்சீவி’ என்று தொடக்கம், நலம் விசாரிப்பு, அப்புறம் ‘நிற்க’. அதற்குக் கீழேதான் வாழ்க்கை இருக்கும்: மல்லாட்டை என்ன விலை போனது, கிணறு வெட்ட வாங்கிய கடன் எவ்வளவு பாக்கி, கஷ்டத்தில் கைகொடுத்த மாமனை மறக்காதே என்ற சொல். இடம் போதாமல் மடிப்பு ஓரத்திலும் நுணுக்கி எழுதுவார்கள். எழுதத் தெரியாத அம்மாக்கள் சொல்லச் சொல்லப் பக்கத்து வீட்டுப் பள்ளிப் பிள்ளை எழுதும். வந்த கடிதங்களைக் கம்பியில் குத்தி வைப்பார்கள். யாரும் வாரிசுக்கென்று எழுதவில்லை. ஆனாலும் அவை வாரிசுக்குப் போய்ச் சேர்ந்தன.

இன்று பெங்களூரில் இருக்கும் மகளை அம்மா தினமும் வீடியோவில் பார்க்கிறாள். இது பெரிய பேறு, குறை சொல்ல மாட்டேன். ஆனால் ‘சாப்டியா’வோடு பேச்சு முடிந்துவிடுகிறது. வாட்ஸ்அப்பில் வந்த குரல்பதிவு போன் மாறும்போது போய்விடக்கூடும். வீட்டு இரும்புப் பெட்டியில் பட்டாவும் பத்திரமும் மட்டும் இருக்கின்றன. நிலம் யாருடையது என்று அவை சொல்லும். அதை வாங்க எந்த நகை விற்கப்பட்டது, யார் படிப்பை நிறுத்தினார்கள் என்று அவை சொல்வதில்லை.

சொத்தை விருப்பப்படி பிரித்துக் கொடுக்க உயில் எழுதினால், அதில் குறைந்தது இரண்டு சாட்சிகளின் கையெழுத்து வேண்டும். கடிதத்துக்குச் சாட்சி தேவையில்லை. பட்ட கடன், பெற்ற உதவி, குடும்பத்தில் தொடரும் நோய், கேட்கத் தவறிய மன்னிப்பு, எதையும் எழுதலாம். எழுத வராதவர் சொல்ல, பேத்தி எழுதட்டும். தேதியும் கையெழுத்தும் போட்டு அந்தப் பத்திரத்தோடு சேர்த்தே வையுங்கள்.