யானையும் தீனியும்: கேம் கன்சோல் வாங்குமுன் போட வேண்டிய கணக்கு

எக்ஸ்பாக்ஸ் சீரீஸ் எக்ஸ், பிளேஸ்டேஷன் 5 இரண்டும் 2020 நவம்பரில் உலகச் சந்தைக்கு வந்தன. இந்தியாவில் இரண்டின் அறிமுக விலையும் ஒன்றுதான்: 49,990 ரூபாய். திரையில் படத்தை வரையும் சிப்பின் வேகத்தைப் பார்த்தால், எக்ஸ்பாக்ஸ் நொடிக்குச் சுமார் 12 லட்சம் கோடி கணக்குகள் போடும். பிளேஸ்டேஷன் சுமார் 10 லட்சம் கோடி. ஒரே விலைக்குக் கூடுதல் வேகம் கிடைக்கும்போது யோசிக்க என்ன இருக்கிறது என்று தோன்றும். ஆனால் அதிகம் விற்றது பிளேஸ்டேஷன்தான். வாங்கியவர்கள் ஏமாந்துவிட்டார்கள் என்று சொல்ல முடியாது. மிக்ஸியை வாட்ஸ் பார்த்து வாங்கலாம். கன்சோலை அப்படி வாங்க முடியாது. டிவியில் செருகிய நாளிலிருந்து அது ஒரு கடையின் வாசலாகிவிடுகிறது. அடுத்த ஆறேழு வருஷத்துக்கு அந்தக் கடையில்தான் சரக்கு வாங்கியாக வேண்டும். ஆகவே பெட்டிகளை ஒப்பிடும் முன் கடைகளை ஒப்பிட வேண்டும்.

வேகம் மட்டும் போதாது என்பதற்கு இந்தத் தொழிலின் சரித்திரமே சாட்சி. 1996இல் நின்டெண்டோ தன் புதிய கன்சோலுக்கு நின்டெண்டோ 64 என்று பெயரிட்டது. போட்டியாளரான பிளேஸ்டேஷன் 32 பிட் இயந்திரம், நம்முடையது 64 பிட் என்ற பெருமை பெயரிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது. ஆனால் அதன் கேம்கள் கேட்ரிட்ஜில் வந்தன. ஒரு கேட்ரிட்ஜில் அதிகபட்சம் 64 மெகாபைட்தான் அடங்கும். பிளேஸ்டேஷனின் சிடியில் அதைப் போலப் பத்து மடங்கு. தயாரிக்கும் செலவும் சிடிக்குக் குறைவு. அதுவரை நின்டெண்டோவிலேயே வெளிவந்துகொண்டிருந்த ஃபைனல் ஃபேன்டஸி தொடர், 1997இல் தன் ஏழாம் பாகத்தை மூன்று சிடிகளில் பிளேஸ்டேஷனுக்குக் கொண்டுபோய்விட்டது. முடிவில் பிளேஸ்டேஷன் 10 கோடிக்கு மேல் விற்றது. நின்டெண்டோ 64 சுமார் 3.3 கோடியில் நின்றது. பத்தாண்டு கழித்துப் பாடம் திசைமாறி வந்தது. 2006இல் ஹெச்டி படம்கூடக் காட்ட முடியாத நின்டெண்டோ வீ, அமெரிக்காவில் 499, 599 டாலருக்கு வந்த பிளேஸ்டேஷன் 3ஐ விற்பனையில் முந்தியது. கையை வீசினாலே டென்னிஸ் ஆடலாம் என்பதால் பாட்டியும் பேரனும் சேர்ந்து ஆடினார்கள். அதே நிறுவனத்தின் அடுத்த கன்சோலான வீ யூ சுமார் 1.36 கோடியோடு படுத்துவிட்டது. நின்டெண்டோவின் பிரபல கேமான மரியோ அதிலும் இருந்தது. மற்ற நிறுவனங்களின் கேம்களின் வரத்துதான் குறைந்துபோனது. பழைய வெற்றியும் கைகொடுக்கவில்லை.

கடையைப் பார்க்கச் சொல்வதற்கு இன்னொரு காரணம் பணம். கன்சோலை விற்று லாபம் பார்த்ததே இல்லை என்று எக்ஸ்பாக்ஸின் உயர் அதிகாரி 2021இல் அமெரிக்க நீதிமன்றத்தில் சாட்சி சொன்னார். பிரிண்டரை மலிவாகத் தந்துவிட்டு மையில் சம்பாதிக்கும் அதே வித்தைதான் இது. விற்கும் ஒவ்வொரு கேமிலும் பங்கு, மாதச் சந்தா, இணையத்தில் மற்றவர்களோடு ஆடுவதற்குக் கட்டணம் என்று வருமானம் பின்னால் வருகிறது. சோனியின் பெரிய புது கேம்கள் இந்தியாவில் 4,999 ரூபாய்க்கு வந்தன. பத்து கேம் வாங்கினால் பெட்டியின் அறிமுக விலையை இன்னொரு முறை கட்டியதாகிவிடும். யானை வாங்குவது பெரிதில்லை, கட்டித் தீனி போடுவதுதான் பெரிது என்பது இங்கே அப்படியே பொருந்தும்.

இந்தக் கோணத்தில் பார்த்தால், விளம்பரங்கள் ஓரமாகத் தள்ளும் விஷயம் ஒன்று நடுவுக்கு வருகிறது: டிஸ்க் போடும் வசதி. டிஸ்க் இல்லாத மாடல் சில ஆயிரம் ரூபாய் குறைவு. ஆனால் அதை வாங்கியவர் பழைய டிஸ்க்கைப் பாதி விலைக்கு வாங்க முடியாது, ஆடி முடித்ததை விற்க முடியாது, நண்பரிடம் இரவல் கேட்கவும் முடியாது. நிறுவனத்தின் இணையக் கடை சொல்வதே விலை. அந்தக் கடையும் நிரந்தரமில்லை: வீ யூவின் கடை 2023இலும் எக்ஸ்பாக்ஸ் 360இன் கடை 2024இலும் விற்பனையை நிறுத்திவிட்டன. நான்கைந்து டிஸ்க்கைக் கைமாற்றினாலே டிஸ்க் மாடலுக்குக் கூடுதலாகக் கொடுத்த தொகை திரும்பிவிடக்கூடும். சந்தா கட்டி மாதம் பல கேம்களைத் தொட்டுப் பார்ப்பவருக்கோ டிஸ்க் தேவையே இல்லை. ஆடும் பழக்கம் எப்படி என்பதுதான் இங்கே விடை சொல்லும்.

இத்தனை சொல்லியும் ஒரு மறுப்பு எழும்: பெரிய 4கே டிவி வாங்கி வைத்திருப்பவருக்கு வேகம் முக்கியமில்லையா? முக்கியம்தான், ஆனால் இரண்டாவது கேள்வியாக. இந்தியாவில் 34,990 ரூபாய்க்கு அறிமுகமான எக்ஸ்பாக்ஸ் சீரீஸ் எஸ், பெரிய அண்ணனின் வேகத்தில் மூன்றில் ஒரு பங்குதான்; அதே கேம்களைத்தான் அதுவும் ஓட்டுகிறது, முக்கியமாகப் படத்தின் கூர்மைதான் குறையும். சாதாரண டிவி உள்ள வீட்டில் அந்தக் குறை அவ்வளவாகத் தெரியாது. எந்தக் கடை என்று முடிவான பிறகு, அதற்குள் எந்தப் பெட்டி என்று தேர்ந்தெடுக்கத்தான் வேக எண்கள் உதவும்.

இதைவிட வலுவான மறுப்பு ஒன்று உண்டு. கடைகளுக்கு இடையிலான சுவர்களே இடிந்துவருகின்றனவே என்று கேட்கலாம். உண்மைதான். எக்ஸ்பாக்ஸின் அடையாளமாக இருந்த ஃபோர்ஸா ஹொரைசன் 5, 2025இல் பிளேஸ்டேஷன் 5க்கு வந்தது. சோனியின் பல கேம்கள் கம்ப்யூட்டரிலும் கிடைக்கின்றன. ஆனால் சுவர் எல்லாப் பக்கமும் இடியவில்லை. மரியோவையும் செல்டாவையும் புதிதாக ஆட நின்டெண்டோதான் வேண்டும். அந்த நிறுவனம் இந்தியாவில் நேரடியாக விற்பதில்லை என்பதால், பழுதானால் யார் பொறுப்பு என்று கடைக்காரரிடம் முதலிலேயே கேட்டுக்கொள்ள வேண்டும். தவிர, ஒரு கன்சோலுக்கென்று வாங்கிய கேம் போட்டிக் கன்சோலில் ஓடாது. ஒரே கேம் இரண்டிலும் கிடைத்தாலும் பெரும்பாலும் மறுபடி காசு கொடுத்தாக வேண்டும். ஏற்கெனவே பிளேஸ்டேஷன் 4 டிஸ்க்குகள் வைத்திருப்பவருக்கு டிஸ்க் போடும் பிளேஸ்டேஷன் 5தான் லாபம். அவற்றில் அநேகமாக எல்லாமே அதில் ஓடும்.

ஆகவே கடைக்குப் போகுமுன் ஒரு தாளில் வீட்டில் உள்ளவர்கள் ஆட விரும்பும் ஐந்து கேம்களை எழுதுங்கள். பக்கத்தில், கூட ஆடப்போகும் நண்பர்களிடம் எந்தக் கன்சோல் இருக்கிறது என்று எழுதுங்கள். இரு வேறு கன்சோல்காரர்களைச் சேர்ந்து ஆட விடாத கேம்களும் உண்டு. அதன் கீழே இரண்டு வருஷத்துக்கான கேம், சந்தா, கூடுதல் கன்ட்ரோலர் செலவைக் கூட்டுங்கள். பெட்டியின் விலையைக் கடைசி வரியில் சேர்த்தால் போதும். லட்சம் கோடிக் கணக்குகளை அந்தச் சிப் போட்டுக்கொள்ளும். இந்த ஒரு கணக்கை மட்டும் நாம்தான் போட வேண்டும்.