டவுனைத் தாண்டி வரும் உய்யக்கொண்டான்

வங்கியில் இருந்த காலத்தில், பயிர்க்கடன் மனுவில் 'பாசன ஆதாரம்: உய்யக்கொண்டான் வாய்க்கால்' என்று எத்தனையோ தடவை படித்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அந்தத் தண்ணி எப்படி வருதுன்னு யோசிச்சதே இல்லை. ஓய்வுக்குப் பிறகு திருவெறும்பூர் பக்கம் இரண்டு ஏக்கரில் இறங்கினதும்தான் யோசிக்க வேண்டி வந்தது.

இது ராஜராஜ சோழன் காலத்து வாய்க்கால். 'உய்யக்கொண்டான்' என்பது அவருடைய பட்டப்பெயர்களில் ஒன்று. பேட்டைவாய்த்தலையில் காவிரியிலிருந்து பிரிந்து, உய்யக்கொண்டான் திருமலை, புத்தூர், பாலக்கரை என்று திருச்சி நகருக்குள் நுழைந்து வெளியேறி, வாழவந்தான்கோட்டை ஏரியில் முடிகிறது. நீளம் ஏறத்தாழ 70 கி.மீ., பாசனம் சுமார் 32,000 ஏக்கர். மட்டம் பார்த்து, மேட்டோரமாக வளைத்து வளைத்து வெட்டியிருக்கிறார்கள். அதனால் மோட்டார் இல்லாமலே தண்ணி வயலுக்குப் பாயுது. மழைக்காலத்தில் கோரையாற்று வெள்ளம் வந்து சேர்ந்தால், மிச்சம் புத்தூரில் பிரிந்து குடமுருட்டி வழியாகக் காவிரிக்கே போய்விடும். ஆயிரம் வருஷத்துக் கணக்கு!

ஆனால் நகருக்குள் வீட்டுச் சாக்கடையும் குப்பையும் இதில்தான் கலக்குது. கடைமடையில் இருக்கிற நமக்கு அதுதான் வந்து சேருது.

முதல் போகம் தூயமல்லி போட்டேன். பயிர் கரும்பச்சையாக நின்றது. எல்லாம் என் ஜீவாமிர்தத்தின் மகிமைன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டேன். பிறகு இலைச்சுருட்டுப் புழு வந்தது. பால் பிடிக்கிற நேரத்தில் பாதி வயல் சாய்ந்துவிட்டது. பக்கத்து வயல் பெரியவர்தான் சொன்னார்: "சார், நீங்க யூரியா போடலை. டவுன் போட்டுடுச்சு." உண்மைதான். சாக்கடையில் தழைச்சத்து அதிகம். நாம் கணக்குப் பார்த்துப் போடுகிற உரத்துக்கு மேலே, கணக்கில்லாமல் அது ஏறுது.

இப்போது வாய்மடையில் சின்னக் குட்டை வெட்டி, கல்வாழையும் சம்பும் வளர்த்து, தண்ணியைத் தேக்கித் தெளியவிட்டுத்தான் பாய்ச்சுகிறேன். அந்தப் போகத்துக்குத் தழைச்சத்து இடுபொருளைக் குறைத்துக்கொண்டேன். ஆனாலும் கிருமியையும் ஆலைக் கழிவையும் செடி எடுத்துவிடும்னு நம்பிடாதீங்க. பச்சையாகச் சாப்பிடுகிற கீரை, வெள்ளரிக்கெல்லாம் கிணற்றுத் தண்ணிதான். வருஷம் ஒருமுறை நீரைப் பரிசோதனைக்குக் கொடுங்கள்.

விஷமில்லா உணவு வயலில் மட்டும் தொடங்குவதில்லை, வாய்க்காலிலேயே தொடங்குது. டவுன்காரரிடம் அரிசி விற்கும்போது இதையும் சொல்லுங்க: "நீங்க வாய்க்காலில் விடுறதுதான் உங்க தட்டுக்குத் திரும்பி வருது."