நர்ஸிங் படிப்பு: எந்த வாசலில் விண்ணப்பிக்கிறோம்?



பிளஸ் டூ முடிவு வந்த மறுநாளிலிருந்து நம் டிரஸ்ட் அலுவலகத்துக்கு வரும் பெற்றோரில் பலர் கேட்பது ஒன்றுதான்: “பிள்ளையை நர்ஸிங் சேர்க்கணும், ஃபீஸுக்கு உதவி செய்யுங்க.” எந்த நர்ஸிங் என்று நாம் திருப்பிக் கேட்டால் பெரும்பாலும் பதில் வராது. கல்லூரியின் பெயர் தெரியும், கட்ட வேண்டிய தொகை தெரியும், ஊரிலிருந்து எந்த பஸ் என்பதும் தெரியும். படிப்பின் பெயரைக் கேட்டால் மட்டும் கையிலிருக்கும் நோட்டீஸை நீட்டுவார்கள். அதில் வெள்ளை உடுப்போடு ஒரு பெண், கழுத்தில் ஸ்டெதாஸ்கோப், கீழே “நூறு சதவீதம் வேலைவாய்ப்பு”. படிப்பின் பெயர் ஒரு மூலையில் சின்ன எழுத்தில் இருக்கும். அந்தச் சின்ன எழுத்தைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

நர்ஸ் என்று சட்டப்படி அழைக்கப்பட நம் மாநிலத்தில் மூன்று வழிகள் உண்டு. ஏ.என்.எம். எனப்படும் துணைச் செவிலியர் பயிற்சி இரண்டு ஆண்டு. ஜி.என்.எம். டிப்ளமோ மூன்று ஆண்டு. பி.எஸ்சி. நர்ஸிங் நான்கு ஆண்டு. இவற்றை அங்கீகாரம் பெற்ற நிறுவனத்தில் முடித்தால் தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் குழுமத்தில் பெயரைப் பதிவு செய்துகொள்ளலாம். 1926ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஏற்பட்ட குழுமம் அது. அந்தப் பதிவு எண்தான் ஒரு நர்ஸின் உண்மையான சனது. அரசு மருத்துவமனைக்கு ஆள் எடுக்கும் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் அதைக் கேட்கும். வளைகுடாவில் நர்ஸ் லைசென்ஸுக்கு விண்ணப்பித்தாலும் முதலில் அதைத்தான் பார்ப்பார்கள்.

இவை தவிர, சமுதாயக் கல்லூரி என்ற பெயரில் நடக்கும் நிறுவனங்களில் ஓராண்டு “ஹெல்த் அசிஸ்டண்ட்”, “நர்ஸிங் அசிஸ்டண்ட்” படிப்புகள் இருக்கின்றன. நோட்டீஸில் இவையும் “நர்ஸிங்” என்றே வரும். குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது.

சமுதாயக் கல்லூரி என்பது மோசமான ஏற்பாடு அல்ல, இதைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். நம் பகுதியில் 1995இல் புதுச்சேரி பல்கலைக்கழகமும் 1996இல் சென்னையில் கத்தோலிக்க மறைமாவட்டமும் இதைத் தொடங்கியபோது, பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவர்களுக்கும் கல்லூரி வாசலை மிதிக்க முடியாதவர்களுக்கும் ஒரு தொழிலைக் கற்றுக்கொடுப்பதே நோக்கமாக இருந்தது. பிறகு தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் இத்தகைய கல்லூரிகளுக்கு அங்கீகாரம் தந்தது. பத்தாம் வகுப்போடு நின்றுபோன ஒரு சகோதரி, கணவரை இழந்து இரண்டு பிள்ளைகளை வளர்ப்பவர், ஓராண்டு படித்து ஒரு மருத்துவமனையில் உதவியாளராகச் சேர்ந்தால் அது அவருக்குப் பெரிய கைத்தாங்கல். முதியவர்களை வீட்டில் பராமரிக்கும் வேலைக்கும் இந்தப் பயிற்சி உதவும். அப்படிப்பட்டவர்களுக்கு டிரஸ்ட்டே முன்னின்று விண்ணப்பம் போட்டுக் கொடுக்கிறது.

ஆனால் பிளஸ் டூவில் உயிரியல் படித்து நல்ல மதிப்பெண் வாங்கிய பெண்ணை அதே ஓராண்டுப் படிப்பில் கொண்டுபோய்ச் சேர்ப்பது வேறு விஷயம். அந்தச் சான்றிதழை வைத்துக் குழுமத்தில் நர்ஸாகப் பதிவு செய்ய முடியாது. அந்த ஓராண்டு ஜி.என்.எம்.மிலோ பி.எஸ்சி.யிலோ கழித்துக்கொள்ளப்படவும் மாட்டாது, மறுபடி முதலாம் ஆண்டிலிருந்துதான் தொடங்க வேண்டும். பக்கத்து வார்டில் ஜி.என்.எம். முடித்தவர் செய்யும் அதே வேலையைச் செய்துகொண்டு, பாதிச் சம்பளம் வாங்கிக்கொண்டு, ஐந்தாறு வருடம் கழித்து ஒரு வெளிநாட்டு வாய்ப்பு வரும்போதுதான் “பதிவு எண் எங்கே?” என்ற கேள்வியைப் பல பெண்கள் முதன்முதலாகக் கேட்கிறார்கள். அப்படிக் கண்கலங்கி வந்தவர்களை நாம் பார்த்திருக்கிறோம். அவர்களிடம் பணம் வாங்கியவர்கள் பொய் சொன்னார்கள் என்றுகூடச் சொல்ல முடியாது. யாரும் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை.

ஆகவே எந்த நிறுவனமானாலும், ஒரு ரூபாய் கட்டும் முன், ஒரே கேள்வியைக் கேளுங்கள்: “இதை முடித்தால் எங்கள் பிள்ளை குழுமத்தில் பதிவு செய்ய முடியுமா?” முடியும் என்றால் அங்கீகாரக் கடிதத்தின் நகலைக் கேளுங்கள். பி.எஸ்சி. என்றால் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் இணைப்பு இருக்கிறதா, அல்லது நிகர்நிலைப் பல்கலைக்கழகமா என்பதையும் கேளுங்கள். நகல் காட்டத் தயங்கும் இடத்தில் அட்மிஷன் வேண்டாம்.

இனி தகுதி. பி.எஸ்சி. நர்ஸிங்குக்கு பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல், ஆங்கிலம் இருக்க வேண்டும். சேரும் ஆண்டின் டிசம்பர் 31க்குள் 17 வயது நிறைந்திருக்க வேண்டும். ஜி.என்.எம்.முக்கு இந்திய செவிலியர் குழுமத்தின் விதி வேறு பாடப்பிரிவு எடுத்தவர்களையும் அனுமதிக்கிறது, ஆங்கிலத்துடன் 40 சதவீதம் கேட்கிறது. ஆயினும் அரசு செவிலியர் பள்ளிகளுக்கான தகுதி அந்தந்த ஆண்டின் விளக்கக் கையேட்டில் உள்ளபடிதான். ஏ.என்.எம். முடித்துப் பதிவு செய்தவர் ஜி.என்.எம். சேரலாம், ஜி.என்.எம். முடித்தவர் இரண்டு ஆண்டு போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. படித்துப் பட்டதாரியாகலாம். எனவே மதிப்பெண் குறைந்துவிட்டது என்று மனம் ஒடிய வேண்டாம், படிகள் இருக்கின்றன. இன்னொன்று, பத்தாம் வகுப்பு முடித்த மகள் “நர்ஸாகணும்” என்று சொன்னால் பதினொன்றாம் வகுப்பில் காமர்ஸ் குரூப்பில் சேர்த்துவிடாதீர்கள். நம் பெண் பிள்ளைகளில் பலருக்கு வாசல் மூடுவது அந்த ஜூன் மாதத்தில்தான்.

தமிழ்நாட்டில் பி.எஸ்சி. நர்ஸிங் சேர்க்கைக்கு நீட் கிடையாது, பிளஸ் டூ மதிப்பெண்தான். கீழ்ப்பாக்கத்தில் உள்ள மருத்துவக் கல்வித் தேர்வுக் குழு, பி.பார்ம், பிசியோதெரபி போன்றவற்றோடு சேர்த்து இணையத்தில் விண்ணப்பம் வாங்குகிறது. அரசுக் கல்லூரி இடங்களும், தனியார் கல்லூரிகள் அரசுக்கு ஒப்படைக்கும் இடங்களும் இந்தக் கலந்தாய்வு வழியாகவே நிரப்பப்படும். டிப்ளமோவுக்குத் தனி அறிவிப்பு வரும். தனியார் கல்லூரியில் நேரடியாகச் சேர்வது கடைசி வழியாக இருக்கட்டும். “கலந்தாய்வெல்லாம் நமக்குக் கிடைக்காதுங்க” என்று விண்ணப்பமே போடாமல் நேரே மேனேஜ்மெண்ட் சீட்டுக்குப் போகும் குடும்பங்கள் நம்மிடையே அதிகம். விண்ணப்பித்துப் பார்த்து, கிடைக்காவிட்டால் போகலாமே.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 2007 முதல் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்குத் தமிழ்நாட்டில் 3.5 சதவீத இடஒதுக்கீடு உண்டு. இருநூறு இடங்களில் ஏழு நமக்கு. ஆனால் அது முஸ்லிம் என்பதற்காகத் தானாகக் கிடைத்துவிடாது. பட்டியலில் உள்ள பிரிவுகள் ஏழு: அன்சார், தக்னி முஸ்லிம், தூதேகுலா, ராவுத்தரும் மரைக்காயரும் உட்பட்ட லெப்பை, மாப்பிள்ளா, ஷேக், சையத். சாதிச் சான்றிதழில் இவற்றில் ஒன்று இருந்தால்தான் ஒதுக்கீடு. பள்ளி மாற்றுச் சான்றிதழில் வெறுமனே “இஸ்லாம், முஸ்லிம்” என்று எழுதியிருந்தால், அதை மட்டும் நம்பி விண்ணப்பித்தால், பொதுப் பிரிவில்தான் போட்டியிட நேரும். “நமக்குள்ளே ஏது சாதி?” என்று சில பெரியவர்கள் கோபப்படுகிறார்கள். தீனில் இல்லைதான். இது அரசுப் பதிவேட்டுக் கணக்கு, அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். அத்தாவின் சான்றிதழ் அல்லது பள்ளி ஆவணத்தை எடுத்துக்கொண்டு இ-சேவை மையத்தில் இப்போதே விண்ணப்பியுங்கள். வருமானச் சான்றிதழையும் இருப்பிடச் சான்றிதழையும் அதே நடையில் முடித்துவிடலாம். குடும்பத்தில் இதுவரை யாரும் பட்டம் பெறவில்லை என்றால் முதல் பட்டதாரி சான்றிதழும் எடுத்து வையுங்கள். அண்ணன் ஏற்கெனவே அந்தச் சலுகையைப் பெற்றிருந்தால் தங்கைக்குக் கிடையாது.

பெயர் விஷயம் நம் சமுதாயத்துக்கே உரிய தலைவலி. பிறப்புச் சான்றிதழில் ஃபாத்திமா பீவி, ஆதாரில் பாத்திமா, மதிப்பெண் பட்டியலில் எம். பாத்திமா பேகம். அத்தா பெயரோ ஓரிடத்தில் முகம்மது, ஓரிடத்தில் மொஹமத், ஓரிடத்தில் சுருக்கி இரண்டே எழுத்து. உள்ளூரில் எல்லாரும் ஒரே ஆள் என்று அறிவார்கள், கம்ப்யூட்டர் அறியாது. வெளிநாட்டு வேலைக்குச் சான்றிதழ்களைச் சரிபார்க்கும்போது ஓர் எழுத்து மாறினாலும் கோப்பு நின்றுவிடும். பத்தாம் வகுப்புப் பொதுத் தேர்வுக்குப் பெயர்ப் பட்டியல் அனுப்பும் சமயத்தில் தலைமையாசிரியரிடம் சொல்லித் திருத்துவது எளிது. அதற்குப் பிறகு அலைச்சல்தான்.

பணம். கட்டணத்தை விசாரிக்கும்போது முதலாண்டுத் தொகையை மட்டும் கேட்டுவிட்டு வருகிறார்கள். நான்கு ஆண்டுக்கும் கேளுங்கள். சீருடை, காலணி, ரெக்கார்டு நோட்டு, தேர்வுக் கட்டணம், ஹாஸ்டல், மருத்துவமனைப் பயிற்சிக்குப் போய்வரும் பஸ் செலவு எல்லாவற்றையும் எழுதி வாங்குங்கள். முதலாண்டு நகையை அடகு வைத்துக் கட்டி, இரண்டாமாண்டு முடியாமல் பிள்ளை வீட்டோடு நின்றுவிடுவதுதான் மிகவும் வேதனையானது. ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் கிடைக்கும். அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் இது 2024-25 கல்வியாண்டு முதல் நீட்டிக்கப்பட்டிருக்கிறது. டிப்ளமோவுக்கும் உண்டு, கல்லூரி வழியாக விண்ணப்பிக்க வேண்டும். டாம்கோ எனப்படும் சிறுபான்மையினர் பொருளாதார மேம்பாட்டுக் கழகம் கல்விக் கடன் தருகிறது. அது வட்டியுள்ள கடன்; அதைப் பற்றி உங்கள் ஆலிமிடம் கேட்டு முடிவு செய்யுங்கள், ஃபத்வா சொல்வது நம் வேலையல்ல.

டிரஸ்ட்டின் கல்வி நிதியில் ஜகாத் தொகை தனியாகவும் பொது நன்கொடை தனியாகவும் இருக்கின்றன. ஜகாத் பெறத் தகுதியுள்ள குடும்பமானால் தொகையை மாணவியின் கையிலேயே உடைமையாக்கிக் கொடுக்கிறோம், கல்லூரிக்கு நேரடியாகக் கட்டுவதில்லை. ரசீதைப் பிறகு காட்டினால் போதும். தகுதி இல்லாதவர்களுக்குப் பொது நிதியிலிருந்து அழகிய கடனாகத் தருகிறோம். பதிவு செய்ய முடியாத படிப்புக்கு, மேலே சொன்ன உதவியாளர் பயிற்சி தவிர, இனி நிதி இல்லை என்று நிர்வாகக் குழு தீர்மானித்திருக்கிறது.

“ஆண்களைத் தொட்டுப் பார்க்கிற வேலையாச்சே, இரவு டூட்டியாச்சே” என்று தயங்குபவர்களும் உண்டு. தயக்கம் நியாயமானது, அதை ஏளனம் செய்ய மாட்டோம். ஆனால் மதீனாவில் பள்ளிவாசலை ஒட்டிக் கூடாரம் அமைத்துக் காயம்பட்டவர்களைக் கவனித்தவர் ருஃபைதா (ரலி) அவர்கள். அகழ்ப்போரில் அம்பு பாய்ந்த ஸஅத் இப்னு முஆத் (ரலி) அவர்கள் அங்கேதான் வைக்கப்பட்டார்கள். போர்க்களங்களில் தண்ணீர் கொடுத்து, காயத்துக்கு மருந்திட்ட ஸஹாபிப் பெண்கள் வேறு பலரும் உண்டு. பிரசவ வார்டில் நம் பெண்களைப் பார்க்க ஒரு முஸ்லிம் நர்ஸ் இல்லையே என்று குறைப்படுவதும் நாம்தான், அனுப்ப மறுப்பதும் நாம்தான். உடை பற்றி முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். தலையை மறைக்கப் பல கல்லூரிகள் அனுமதிக்கின்றன, சில தயங்குகின்றன. வார்டில் கை கழுவ வேண்டியிருப்பதால் முழங்கைக்குக் கீழே துணி இருக்கக் கூடாது என்பார்கள், அது சுகாதார விதி. பணம் கட்டிய பின் சண்டை போடுவதைவிட முதலிலேயே பேசிக்கொள்வது நல்லது. சம்பந்தம் பேச வருபவர்களிடமும் அப்படித்தான்: படிப்பை முடித்த பின் நிக்காஹ்வா, நிக்காஹ்வுக்குப் பின்னும் படிப்பா என்பதை முதல் பேச்சிலேயே சொல்லிவிடுங்கள்.

பிற மாநிலக் கல்லூரிகளுக்கு ஆள் சேர்க்கும் ஏஜெண்டுகள் இப்போதே மஹல்லாவில் சுற்றத் தொடங்கிவிட்டார்கள். அசல் சான்றிதழ்களை அவர்கள் கையில் கொடுக்காதீர்கள். அசல் போய்விட்டால் கலந்தாய்வில் இடம் கிடைத்தும் சேர முடியாது. வகுப்புக்கே வர வேண்டாம், தேர்வெழுத மட்டும் வந்தால் போதும் என்று சொல்பவரிடம் பேச்சை அத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

இன்ஷா அல்லாஹ், தேர்வுக் குழுவின் அறிவிப்பு வந்த நாளிலிருந்து விண்ணப்பத்தின் கடைசி நாள் வரை தினமும் அஸருக்குப் பிறகு டிரஸ்ட் அலுவலகத்தில் இருவர் இருப்பார்கள். விண்ணப்பத்தை இலவசமாகப் பதிவு செய்து தருவார்கள். பத்து, பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல்கள், மாற்றுச் சான்றிதழ், சாதி, வருமான, இருப்பிடச் சான்றிதழ்கள், ஆதார், புகைப்படம் ஆகியவற்றோடு வாருங்கள். பிள்ளையையும் அழைத்து வாருங்கள், ஓ.டி.பி. வரும் செல்போனையும் மறக்காதீர்கள். பெண்கள் தனியாக வந்தால் பேசுவதற்கு ஒரு சகோதரி இருப்பார்.