5040ஐத் தாண்டி ஓர் எண் கிடைக்குமா?

12இன் காரணிகள் 1, 2, 3, 4, 6, 12. கூட்டினால் 28. ஆறாம் வகுப்புப் பிள்ளை போடும் கணக்கு. 1859இல் பெர்ன்ஹார்ட் ரீமன் முன்வைத்து, இன்றுவரை யாரும் நிறுவாத கருதுகோளின் தலைவிதி இந்தக் கூட்டலில் அடங்கியிருக்கிறது என்றால் நம்ப முடிகிறதா? பிரெஞ்சுக் கணிதர் கீ ராபின் 1984இல் அதைத்தான் நிறுவினார்.

அவர் வகுத்த வரம்பு இது: ஓர் எண்ணின் இயல் மடக்கையை எடுங்கள். அதற்கு மறுபடியும் மடக்கை எடுங்கள். வந்ததை அந்த எண்ணாலும் 1.781 என்ற தோராய மாறிலியாலும் பெருக்குங்கள். 5040க்கு இந்த வரம்பு ஏறத்தாழ 19,237. அதன் காரணிகளைக் கூட்டினாலோ 19,344, வரம்பு மீறிவிடுகிறது. 2 முதல் 5040 வரை இப்படி மீறுபவை 27 எண்கள். அதற்கு மேல் ஒன்றுகூட மீறாது என்பதும் ரீமன் கருதுகோளும் ஒன்றேதான் என்கிறது ராபினின் தேற்றம். ஒன்று உண்மையானால் மற்றதும் உண்மை. ஒன்று பொய்த்தால் மற்றதும் பொய்.

ரீமன் கருதுகோள் ஸீட்டா சார்பு என்ற ஒரு சார்பைப் பற்றியது. காரணிகளுக்கும் அதற்கும் என்ன உறவு? காரணிகளின் கூட்டுத்தொகை பெருக வேண்டுமானால், அந்த எண்ணில் 2, 3, 5, 7 எனச் சிறிய பகா எண்கள் விடுபடாமல் இருக்க வேண்டும். 5040 அப்படிப்பட்டது: 16 × 9 × 5 × 7. ஒரு பகா எண் எத்தனை முறை வந்தாலும், கூட்டுத்தொகையை அது உயர்த்துவதற்கு ஓர் எல்லை உண்டு. 2க்கு அது இரு மடங்கு, 3க்கு ஒன்றரை மடங்கு, 5க்கு ஒன்றேகால் மடங்கு. இந்த மடங்குகளின் பெருக்கம்தான், ஸீட்டா சார்புக்கு ஆய்லர் கண்ட பெருக்கல் வடிவத்தில் 1ஐ இட்டால் வருவது. எல்லாப் பகா எண்களையும் சேர்த்தால் அது முடிவிலிக்குப் போய்விடும். ஓர் எண்ணில் அடங்கும் பகா எண்கள் அளவானவை என்பதால் பெருக்கம் வழியிலேயே நிற்கிறது. அது எவ்வளவு வேகமாக வளரும் என்பதை 1874இல் கணிதர் மெர்டென்ஸ் கணித்தார். 1.781 என்ற மாறிலி அங்கிருந்து வந்தது. அதைக் குறைக்கவே முடியாது என்று 1913இல் கணிதர் குரோன்வால் காட்டினார்.

மீதியிருப்பது பகா எண்களின் ஏற்ற இறக்கம். அதை ஆள்பவை ஸீட்டா சார்பின் பூச்சியங்கள், அதாவது அதன் மதிப்பு பூச்சியமாகும் இடங்கள். அவற்றில் முக்கியமானவை எல்லாம் ஒரே கோட்டில் அமையும் என்பதே ரீமன் கருதுகோள். அந்தக் கோட்டை விட்டு அப்படியொரு பூச்சியம் விலகினாலும் ஏற்ற இறக்கம் மிகும். வரம்பை மீறும் எண்கள் முடிவில்லாமல் வந்துகொண்டே இருக்கும்.

இதில் பாதி வழியை ராபினுக்கு முன்பே ராமானுஜன் கடந்திருந்தார். 1915இல் கேம்பிரிட்ஜில் இருந்தபோது அவர் எழுதிய நீண்ட கட்டுரையின் ஒரு பகுதி, லண்டன் கணிதச் சங்கத்தின் பணமுடையால் அச்சேறவில்லை. ரீமன் கருதுகோள் உண்மையானால் போதிய அளவு பெரிய எண்கள் எதுவும் இந்த வரம்பை மீறாது என்ற முடிவு அதில் இருந்தது. 1988இல் அந்தக் கையெழுத்துப்படி ஒரு நூலில் வெளிவந்தது. 1997இல் ‘ராமானுஜன் ஜர்னல்’ முதல் தொகுதியில் குறிப்புகளுடன் அதைப் பதிப்பித்த இருவரில் ஒருவர் ராபின். மற்றவர் ழான் லூயி நிக்கோலா.

கணினியில் எத்தனை கோடி எண்களைச் சோதித்தாலும் அது நிரூபணமாகாது. 5040க்கு மேல் வரம்பை மீறும் ஓர் எண் அகப்பட்டால் கருதுகோள் விழும், அவ்வளவே. 9க்கு மேற்பட்ட ஒற்றைப்படை எண் எதுவும் வரம்பை மீறாது என்று 2007இல் நால்வர் நிறுவினர். 5040க்கு மேல் மீறும் எண் இருந்தால், அதை ஏதாவதொரு பகா எண்ணின் ஐந்தாம் அடுக்கு மீதியின்றி வகுக்க வேண்டும் என்பதும் அவர்கள் கண்டதே. கேள்வி பள்ளிக்கூடத்து மொழிக்கு இறங்கி வந்துவிட்டது. விடை இன்னும் இறங்கவில்லை.