காவலனுக்குக் கள்வன் பெயர்

சென்ற ஆண்டு என் தங்கையின் பேரப்பிள்ளைக்கு இடக்கண்ணை அகற்ற நேர்ந்தது. வயது 2. கண்மணியில் ஒரு வெண்மை தோன்றிற்று. பூனைக்கண்போல் ஒளிர்கின்றதென்று வீட்டார் வியந்தனரேயன்றி அஞ்சினாரல்லர். விழித்திரைப் புற்றென வைத்தியர் கண்டார். "இது எங்கள் வழியால் வந்ததோ, அண்ணை?" என்று தங்கை கேட்டாள். இலக்கணம் படிப்பிப்பவனிடம் கேட்கத்தக்க வினாவன்று; எனினும், உயிரியல் கற்பிக்கும் என் பழைய மாணாக்கர் ஒருவரை நாடினேன். அவர் விளக்கியது இது.

ஒரு கலம் இரண்டாகப் பிரியுமுன் தன் டி.என்.ஏ. முழுவதையும் படியெடுத்தல் வேண்டும். பழைய ஏட்டைப் பெயர்த்தெழுதுவது போல. அதற்கு வேண்டிய பரம்பரையலகுகளைத் தொழிற்படுத்துவது ஈ2எஃப் என்னும் புரதம். ஆர்.பி. என்னும் மற்றொரு புரதம் அதனைப் பற்றிப் பிடித்து வைத்திருக்கும். 'வளர்க' என்னும் ஏவல் வெளியிலிருந்து வந்தால், சைக்கிளினோடு கூடிய நொதியங்கள் ஆர்.பி.யின்மேல் பொசுபேற்றுக்களை ஏற்றும். பிடி நெகிழும், ஈ2எஃப் விடுபடும், படியெடுப்புத் தொடங்கும். டி.என்.ஏ. பழுதுற்றிருப்பின், பி-53 என்னும் புரதம் பி-21 என்பதனை ஆக்குவித்து அந்நொதியங்களை அடக்கும். ஆர்.பி. பிடியை விடாது, எழுத்தாணியும் ஓடாது.

ஆர்.பி. என்பது அக்கண்புற்றின் ஆங்கிலப் பெயர்ச் சுருக்கமாம். காவலன் இல்லாதவிடத்துப் புகுந்த கள்வனின் பெயரையே காவலனுக்கு இட்டுவிட்டனர்! இடுகுறியென்று தள்ளவும் இயலாது. காரணப்பெயரென்றால் காரணம் தலைகீழாய் நிற்கின்றது.

தங்கையின் வினாவுக்கு வருவேன். 1971இல் அமெரிக்க வைத்தியர் அல்பிரட் நட்சன் இந்நோயாளர் 48 பேரின் வரலாற்றை ஆராய்ந்து ஒன்று கூறினார். இப்பரம்பரையலகு தாய்வழி ஒன்று, தந்தைவழி ஒன்றாக நமக்கு இரண்டு உண்டு. ஒன்று கெடினும் மற்றது காக்கும். இரண்டும் கெட்டாலே புற்று வரும். பிறவியிலேயே ஒன்று கெட்டிருப்பின் இன்னோர் அடியே போதும். நோய் விரைந்து, பெரும்பாலும் இரு கண்ணிலும் வரும். அவ்வாறு கெடாத பிள்ளைக்கு ஒரே கலத்தில் இரண்டு அடியும் விழவேண்டும். அது ஒரு கண்ணில் மட்டுமே தோன்றும்.

"அப்படியாயின் எங்கள் வழியன்று" என்று தங்கை நெடுமூச்செறிந்தாள். அத்துணை எளிதில் முடியவில்லை. ஒரு கண்ணில் மட்டும் நோயுற்ற பிள்ளைகளிற் சிலரும் பிறவிக்கேடு உடையர். குருதியைச் சோதித்தே அறியலாம். குருதி அனுப்பப்பட்டுள்ளது. விடை வருமளவும், பிள்ளைக்குப் பின் பிறந்த 5 மாதத் தங்கையின் கண்களையும் வைத்தியர் தவணைதோறும் பார்த்து வருகின்றார்.