தாத்தாவின் புல்லட்டும் புதிய பின்சக்கரமும்

“அப்பா, தாத்தா வண்டிக்குப் பின்னால் தடித்த டயர் போட்டால் எவ்வளவு கம்பீரமாக இருக்கும் தெரியுமா?” என்று மகன் கேட்டபோது நான் தடுக்கவில்லை. தவறு அங்கேதான் தொடங்கியது.

என் தந்தையார் நாகர்கோவிலிலிருந்து பிழைப்புக்காக அமரவிளைக்கு வந்தபோது கொண்டுவந்த ஒரே சொத்து அந்த 350 சி.சி. புல்லட். திருவொற்றியூரில் உருவான வண்டி. அவர் மறைந்தபின் கொட்டகையில் கிடந்ததை மகன் தூசி தட்டினான். கைப்பிடியை மாற்றினான், இருக்கையை மாற்றினான், கடைசியில் பின்சக்கரத்துக்கு வந்தான்.

பழையது 19 அங்குல ரிம், 3.25 அங்குல டயர். புதியது 18 அங்குல ரிம், 110 மில்லிமீட்டர் அகல டயர். ரிம் சிறிதானாலும் டயர் தடித்திருப்பதால் மொத்த உயரம் ஏறக்குறைய அதேதான். வேகமானியும் முன்சக்கரத்திலிருந்தே ஓடுகிறது. ‘பிறகென்ன?’ என்று இருந்துவிட்டோம். அகலம் 27 மில்லிமீட்டர் கூடுவதை யோசிக்கவில்லை.

டயர் செயின் கவரில் உரசாமலிருக்க, சக்கரம் மாட்டியவர் ரிம்மையே சற்று ஒருபக்கம் தள்ளிக் கம்பி கட்டிவிட்டார். மறுநாள் மகன் தன் அம்மாவை ஏற்றிக்கொண்டு புறப்பட்டான். நெய்யாற்றுப் பாலத்தில் வண்டி ஒருபக்கமாக இழுத்தது. இருவர் பாரத்தில் டயர் மட்கார்டில் உரசி, ரப்பர் கருகும் நாற்றம். பின்னால் லாரி. எப்படியோ ஓரங்கட்டினான். வீட்டுக்கு வந்தும் என் மனைவியின் கை நடுக்கம் நிற்கவில்லை.

மார்த்தாண்டத்திலிருந்து வயதான ஆசான் ஒருவரை அழைத்து வந்தேன். அவர் கருவி எதையும் எடுக்கவில்லை. பின்சக்கரத்திலிருந்து முன்சக்கரம்வரை இருபுறமும் நூல் பிடித்தார். முன்சக்கரத்தின் இரு பக்கமும் இடைவெளி சமமாக இருக்கவேண்டும், இல்லை.

“சக்கரத்த மாத்தலாம் சாறே. வண்டிக்க நடுவ மாத்தப்பிடாது” என்றார்.

பழைய 19 அங்குல அளவுக்கே திரும்பினோம். புது ரிம், அளவான கம்பிகள். கம்பி நீளமானால் உள்ளே துருத்தி ட்யூபைக் குத்தும் என்று ஒவ்வொன்றையும் தடவிப் பார்த்தார். பெண்டு எடுத்து முடித்து, “சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் கம்பிகளை மறுபடி இறுக்கிப் பார்க்கணும்” என்றும் சொல்லிப் போனார்.

சட்டமும் ஒன்று உண்டு. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவின்படி, பதிவுப் புத்தக விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறித்தவற்றிலிருந்து வேறுபடும்படி வண்டியை மாற்றக்கூடாது. கேரள வழக்கொன்றில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை வலியுறுத்தியது. இது மத்தியச் சட்டம். களியக்காவிளைக்கு இப்பால் ஒன்று, அப்பால் ஒன்று கிடையாது. எனவே வண்டியில் கைவைக்குமுன் வாகன அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது.

இப்போது என் மனைவி மறுபடியும் அந்த வண்டியில் ஏறுகிறாள். ஆனால் மகன் நூல் பிடித்துப் பார்த்துவிட்டானா என்று முதலில் கேட்டுக்கொள்கிறாள்!