தடை விதித்தும் மறையாத நஞ்சு: யமுனைச் சேற்றில் தங்கியிருப்பது என்ன?

புது தில்லி: வேளாண்மையில் டிடிடி பூச்சிக்கொல்லியைப் பயன்படுத்த 1989-ஆம் ஆண்டிலும், பிஎச்சி பூச்சிக்கொல்லிக்கு 1997-ஆம் ஆண்டிலும் இந்தியாவில் தடை விதிக்கப்பட்டது. ஆயினும், தில்லியில் யமுனை ஆற்றின் படிவுச் சேற்றில் நடத்தப்பட்ட ஆய்வுகளில் இவற்றின் எச்சங்கள் அதன் பின்னரும் கண்டறியப்பட்டுள்ளன.

ஏன் மறைவதில்லை?

இவை நீரில் எளிதில் கரையாதவை, கொழுப்பில் கரைபவை. ஆகவே, மழைநீரில் அடித்து வரப்படும்போது நுண்ணிய வண்டல் துகள்களிலும் மட்கிய கரிமப் பொருள்களிலும் ஒட்டிக்கொண்டு ஆற்றின் அடியில் படிகின்றன. காற்றும் வெளிச்சமும் குறைந்த சேற்றில் இவற்றின் சிதைவு மிக மெதுவாகவே நிகழ்கிறது. சேற்றில் வாழும் புழுக்களை உண்ணும் மீன்களின் கொழுப்பில் சேர்ந்து, உணவுச் சங்கிலி வழியாக மனிதர்களை அடைகின்றன.

நகரங்களில் பூச்சிக்கொல்லி மட்டுமே காரணமல்ல. பழைய மின்மாற்றிகளின் எண்ணெயில் இருந்த பிசிபி, வாகனப் புகையிலும் நிலக்கரி எரிப்பிலும் உருவாகும் பிஏஎச், மின்னணுக் கழிவுகளைத் திறந்தவெளியில் எரிப்பதால் வெளியாகும் டையாக்சின் ஆகியவையும் சாலையோர மண்ணில் படிந்து, வடிகால்கள் வழியே ஆற்றைச் சேர்கின்றன. பிஏஎச் வகையைச் சேர்ந்த பென்சோபைரீன், மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என சர்வதேச புற்றுநோய் ஆராய்ச்சி முகமை வகைப்படுத்தியுள்ளது.

நீர்ப் பரிசோதனை காட்டாதது

குளிப்பதற்கு உகந்த ஆற்று நீரில் பிஓடி அளவு லிட்டருக்கு 3 மில்லிகிராமுக்கு மிகாமலும், கரைந்த ஆக்சிஜன் 5 மில்லிகிராமுக்குக் குறையாமலும் இருக்க வேண்டும். ஆனால், இந்த அளவீடுகள் கழிவுநீர்க் கலப்பை மட்டுமே உணர்த்தும். அடியில் உள்ள நஞ்சைக் காட்டாது. எனவே, நீர் தெளிந்தாலும் சேறு தூய்மையாகிவிட்டது எனக் கருத இயலாது.

தூர்வாரும் பணியிலும் இதே சிக்கல் உள்ளது. சேற்றைக் கிளறும்போது படிந்திருந்த மாசு மீண்டும் நீரில் பரவுகிறது. அள்ளிய சேறு பரிசோதிக்கப்படாமல் கரையில் குவிக்கப்பட்டால், உலர்ந்து தூசியாகப் பறக்கிறது. அல்லது அடுத்த மழையில் வடிகாலுக்கே திரும்புகிறது.

விதிகள் என்ன கூறுகின்றன?

நிலைத்த கரிம மாசுகளைக் கட்டுப்படுத்தும் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையை இந்தியா 2006-இல் ஏற்றது. மாசடைந்த இடங்களைக் கண்டறிந்து சீரமைப்பதற்கான விதிகளை மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் 2025 ஜூலையில் அறிவிக்கை செய்தது. இதன்படி, மாவட்ட நிர்வாகம் ஆறு மாதங்களுக்கு ஒருமுறை சந்தேகத்துக்குரிய இடங்கள் குறித்து அறிக்கை அளிக்க வேண்டும். தகவல் கிடைத்த 90 நாள்களில் முதற்கட்ட மதிப்பீடும், அடுத்த 3 மாதங்களில் விரிவான ஆய்வும் முடிக்கப்பட வேண்டும். சீரமைப்புச் செலவை மாசுபடுத்தியவரே ஏற்க வேண்டும். அவரைக் கண்டறிய இயலாவிட்டால், மத்திய, மாநில அரசுகள் பகிர்ந்துகொள்ளும்.

விதிகள் வெளியானபோது, நாட்டில் அடையாளம் காணப்பட்டிருந்த 103 மாசடைந்த இடங்களில் 7 இடங்களில் மட்டுமே சீரமைப்புப் பணி தொடங்கியிருந்தது. ஆய்வுக்குக் காலக்கெடு வகுத்துள்ள புதிய விதிகள், ஓர் இடம் எப்போது மீண்டும் பாதுகாப்பானதாக மாற்றப்பட வேண்டும் என்பதற்குக் கெடு எதையும் நிர்ணயிக்கவில்லை.